டெட் தேர்வுக்கான கற்றல் கோட்பாடுகள் காணொளி வகுப்பு: 1,800 ரூபாய்க்குத் தகுமா?

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப் பிறகு, ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்குப் பாடம் நடத்துபவர்களில் ஓய்வு பெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மீதமிருப்பவர்கள், பணியில் எத்தனை ஆண்டுகளைக் கழித்திருந்தாலும், இரண்டு ஆண்டுகளுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேறியாக வேண்டும் என்றாகிவிட்டது. 2007இல் பணியில் சேர்ந்த நானும் அந்தக் கணக்கில் வருகிறேன். பி.எட். படித்த காலத்தில் வாங்கிய உளவியல் புத்தகத்தைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தபோது பாதியைக் கரையான் தின்றிருந்தது; மீதிப் பாதியைப் படிக்கக் கண்ணாடியை மாற்ற வேண்டியிருந்தது. ஆகவே, சக ஆசிரியர் ஒருவர் சொன்னதன் பேரில், ஒரு பயிற்சி மையம் நடத்தும் ‘கற்றல் கோட்பாடுகள்’ என்ற தனித் தொகுப்பை 1,800 ரூபாய் செலுத்தி வாங்கினேன். மையத்தின் பெயரை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். நான் சுட்டும் பிழைகளில் பெரும்பாலானவை அந்த மையத்துக்கு மட்டும் உரியவை அல்ல. கடைகளில் கிடைக்கும் கைடுகளில் பலவும் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதியவையாகத் தோன்றுவதால், ஒரே பிழை பல அட்டைகளுக்குள் உலவுகிறது.

தொகுப்பில் பதினொரு காணொளிகள் உள்ளன. மொத்தம் ஆறரை மணி நேரம். கூடவே 96 பக்கங்கள் கொண்ட அச்சுக் கைடும், கைபேசிச் செயலியில் இருபது மாதிரித் தேர்வுகளும் உண்டு. தகுதித் தேர்வின் 150 வினாக்களில் ‘குழந்தை வளர்ச்சியும் கற்பித்தல் முறைகளும்’ என்ற பகுதிக்கு 30 வினாக்கள். அந்த முப்பதில், கற்றலை வெளியே தெரியும் நடத்தையின் மாற்றமாகப் பார்க்கும் நடத்தையியல் ஒரு துண்டுதான் என்றாலும், பாவ்லோவ், வாட்சன், தார்ண்டைக், ஸ்கின்னர் என்ற நான்கு ஆய்வாளர்களைத் தெரியாமல் யாரும் அந்தப் பகுதியைக் கடந்துவிட முடியாது. இந்த மதிப்புரையில் நடத்தையியல் தொடர்பான ஏழு காணொளிகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆராய்ந்த பியாஜே, வைகாட்ஸ்கி பற்றிய மீதி நான்கும் கைடை வரிக்கு வரி வாசிப்பதாகவே அமைந்திருப்பதால், அவற்றைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை.

பாவ்லோவுக்கு ஒதுக்கிய முதல் காணொளி இந்தத் தொகுப்பிலேயே சிறந்தது. பாடம் நடத்துபவர் என்னைவிடப் பத்து வயதாவது இளையவராக இருப்பார். எடுத்த எடுப்பில் ‘வாங்க சார், வாங்க மேடம்’ என்று பணிவுடன் அழைத்து, பணியில் இருப்பவர்களும் மாணவர்களாக வந்து உட்கார்ந்திருப்பதை உணர்ந்தே பேசுகிறார். மணியோசைக்குப் பின் உணவு வந்து பழகிய நாய், மணியைக் கேட்டதுமே உமிழ்நீர் சுரந்த கதையைச் சட்டென்று முடித்துவிட்டு, தடுப்பூசி போட்ட குழந்தையை எடுத்துக்கொள்கிறார். ஊசி குத்தியதும் குழந்தை அழுவதற்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஊசி இயற்கைத் தூண்டல், அழுகை அதற்கு எழும் இயற்கைத் துலங்கல். செவிலியரின் வெள்ளை உடை முதலில் எந்த அர்த்தமும் அற்ற நடுநிலைத் தூண்டலாக இருக்கிறது. இரண்டு மூன்று முறை உடையும் ஊசியும் அடுத்தடுத்து வந்த பின்னர், உடையைக் கண்டதுமே அழுகை தொடங்கிவிடுகிறது. அழுகை அதே அழுகைதான் என்றாலும், இப்போது அது ஆக்கநிலையுறுத்தப்பட்ட, அதாவது பழக்கத்தால் உண்டான, துலங்கல் எனப் பெயர் மாறுகிறது. ஒரே துலங்கலுக்கு இரண்டு பெயர்கள் ஏன் என்று தடுமாறுபவர்களுக்கு இந்த விளக்கம் போதும். அடுத்ததாக, முடிதிருத்தகத்தில் வெள்ளைத் துணியை உதறியதும் அதே குழந்தை வீறிடுவதைக் காட்டிப் பொதுமைப்படுத்தலையும், சில மாதங்களுக்குப் பிறகு மருத்துவமனையில் மட்டும் அழுது முடிதிருத்தகத்தில் சிரிப்பதைக் காட்டி வேறுபடுத்தலையும் விளக்குகிறார். இவ்வளவையும் கரும்பலகையில் ஒரே படமாக வரைந்து முடிப்பது அவருடைய திறமை.

ஆனால் அதே காணொளியில் இரண்டு சறுக்கல்கள் உள்ளன. ஆக்கநிலையுறுத்தலைக் கண்டுபிடித்ததற்காகப் பாவ்லோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது என்று அவர் சொல்வது தவறு. 1904ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு செரிமானத்தின் உடலியங்கியல் பற்றிய ஆய்வுக்காகவே வழங்கப்பட்டது. நாயின் உமிழ்நீரைக் குறித்த புகழ்பெற்ற ஆய்வு அதிலிருந்து கிளைத்து, பின்னர்தான் முழு வளர்ச்சி பெற்றது. இரண்டாவது, கலைச்சொல் பற்றியது. காணொளியில் ‘ஆக்கநிலையுறுத்தல்’ என்று சொல்லப்படுவது கைடில் ஒரு பக்கத்தில் ‘ஆக்கநிலையிறுத்தம்’ என்றும் மாதிரித் தேர்வில் ‘நிபந்தனைப்படுத்தல்’ என்றும் வருகிறது. மூன்றும் ஒன்றே என்பதை ஓரிடத்தில் சொல்லியிருந்தால், தேர்வு அறையில் எந்தச் சொல் வந்தாலும் பதற்றம் இருக்காது. ரஷ்ய மொழியில் பாவ்லோவ் பயன்படுத்திய சொல்லுக்கு ‘நிபந்தனைக்கு உட்பட்ட’ என்பதே நெருக்கமான பொருள். ஆங்கிலத்துக்குப் போன வழியில்தான் அது ‘ஆக்கப்பட்ட’ என்ற சாயலைப் பெற்றது. அந்த வகையில், நாம் புறக்கணிக்கும் மூன்றாவது சொல்லே மூலத்துக்கு அருகில் நிற்கிறது.

வாட்சனைப் பற்றிய காணொளி பதினெட்டு நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. உளவியல் என்பது மனத்தைப் பற்றியதாக இல்லாமல், புறத்தே காணத்தக்க நடத்தையைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்று 1913இல் அவர் அறிவித்ததையும், 1920இல் ரோசாலி ரெய்னருடன் சேர்ந்து ‘ஆல்பர்ட்’ என்ற பதினொரு மாதக் குழந்தையிடம் வெள்ளெலியைக் காட்டும்போதெல்லாம் இரும்புத் தண்டில் சுத்தியலால் அடித்து அச்சத்தை ஊட்டியதையும் சொல்கிறார். அந்த அச்சத்தைப் போக்காமலேயே குழந்தை அனுப்பப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டது எனக்கு உறுத்தியது. 1924இல் மேரி கவர் ஜோன்ஸ், முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்கு, அவன் விரும்பிய உணவைத் தந்துகொண்டே முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்து அச்சத்தைத் தணித்த ஆய்வு, ஆசிரியர்களுக்கு ஆல்பர்ட் கதையைவிடப் பல மடங்கு பயனுள்ளது. கணக்கென்றால் நடுங்கும் பிள்ளையை எப்படி அணுகுவது என்பதற்கான விடை அதில் இருக்கிறது. கைடில் அந்தப் பெயரே இல்லை. ஒரு டசன் குழந்தைகளைக் கொடுத்தால் அவர்களை விரும்பியபடி மருத்துவராகவோ திருடராகவோ ஆக்கிக் காட்டுவதாக வாட்சன் எழுதிய வரிகள் மட்டும் கட்டம் கட்டி அச்சிடப்பட்டுள்ளன. தம் கூற்று கைவசமுள்ள சான்றுகளைத் தாண்டிச் செல்கிறது என்று அவரே அதே இடத்தில் ஒப்புக்கொண்டது கட்டத்துக்குள் இடம்பெறவில்லை.

தார்ண்டைக் பகுதியில் பூனையும் புதிர்ப்பெட்டியும் நன்றாகவே வந்திருக்கின்றன. 1898இல் வெளிவந்த அந்த ஆய்வில், பெட்டிக்குள் அடைபட்ட பூனை தற்செயலாகக் கயிற்றை இழுத்தோ மிதியை அழுத்தியோ வெளியேறியது. அடுத்தடுத்த முறைகளில் வெளியேற ஆன நேரம் மெல்லக் குறைந்ததே தவிர, ஒரே நொடியில் ‘புரிந்துவிட்டது’ என்பதுபோல் சரியவில்லை. அந்த வளைகோட்டின் வடிவமே, பூனை யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை, முயன்று தவறிக் கற்றது என்பதற்கான வாதம். வளைகோட்டைத் திரையில் வரைந்து இதை விளக்கியதற்காக மையத்தைப் பாராட்டலாம். பல கைடுகள் ‘முயன்று தவறிக் கற்றல் — தார்ண்டைக் — பூனை’ என்று மூன்று சொற்களோடு நின்றுவிடுகின்றன.

குறை, விதிகளிடம் வந்ததும் தொடங்குகிறது. ஆயத்த விதி (தயாராக இருக்கும்போதே கற்றல் நிறைவு தரும்), பயிற்சி விதி (திரும்பத் திரும்பச் செய்தால் கற்றல் வலுப்படும்), விளைவு விதி (நிறைவு தரும் செயல் நிலைக்கும்) மூன்றும் கல்வெட்டில் செதுக்கியவைபோல் ஒப்பிக்கப்படுகின்றன. உண்மையில், 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் தார்ண்டைக் தம் விதிகளைத் தாமே திருத்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு, குறிப்பிட்ட நீளத்தில் கோடு வரையும்படி ஆட்களிடம் சொல்லி, வரைந்தது சரியா தவறா என்று தெரிவிக்காமலேயே மீண்டும் மீண்டும் வரையச் செய்தபோது, எத்தனை முறை வரைந்தாலும் முன்னேற்றம் ஏற்படவில்லை. வெறும் திரும்பச் செய்தல் கற்றலாகாது என்று அவர் முடிவுக்கு வந்தார். பரிசு ஒரு நடத்தையை வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை அதை வலுவிழக்கச் செய்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார். இது வெறும் வரலாற்றுத் தகவல் அன்று. காணொளியில் பயிற்சி விதிக்குத் தரப்படும் எடுத்துக்காட்டு, தவறாக எழுதிய சொல்லை நூறு முறை எழுதச் செய்யும் இம்போசிஷன். இம்போசிஷன் எழுதும் பிள்ளைகளை அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதல் எழுத்தை நூறு வரிகளுக்கும் மேலிருந்து கீழாக எழுதிவிட்டு, பிறகு இரண்டாம் எழுத்துக்கு வருவார்கள். நூறாவது வரியை எட்டும்போது அந்தச் சொல் அவர்கள் கண்ணில் படுவதே இல்லை. தார்ண்டைக் கைவிட்ட கருத்தை, தார்ண்டைக்கின் பெயராலேயே நியாயப்படுத்தும் எடுத்துக்காட்டு இது. தேர்வுக்கு மூன்று விதிகளும் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை; பின்னர் அவர் திருத்தினார் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும்.

இனி, இந்த மதிப்புரையை எழுத என்னைத் தூண்டிய இடத்துக்கு வருகிறேன். ஸ்கின்னருக்கு மூன்று காணொளிகள் உள்ளன. முதல் காணொளி, செயல்படு ஆக்கநிலையுறுத்தல் பாவ்லோவின் முறையிலிருந்து எங்கே வேறுபடுகிறது என்பதைத் தெளிவாகச் சொல்கிறது: அங்கே தூண்டல் முந்தி வந்து துலங்கலை இழுக்கிறது, இங்கே உயிரி தானாக ஒன்றைச் செய்கிறது, செய்ததற்குப் பின்னால் வரும் விளைவு அச்செயலைப் பெருக்குகிறது அல்லது குறைக்கிறது. இரண்டாம் காணொளியில் வலுவூட்டலும் தண்டனையும் வருகின்றன. அங்கே, ‘நேர்மறை வலுவூட்டல் என்றால் பரிசு, எதிர்மறை வலுவூட்டல் என்றால் தண்டனை’ என்று அவர் கரும்பலகையில் எழுதிக் கோடிடுகிறார். கைடின் 41ஆம் பக்கத்திலும் அதே வரி தடித்த எழுத்தில் உள்ளது.

இது தவறு. சிறு தவறும் அன்று. இந்தக் கோட்பாட்டின் முதுகெலும்பையே ஒடிக்கும் தவறு. வலுவூட்டல் எதுவாயினும், அது நேர்மறையோ எதிர்மறையோ, நடத்தையைப் பெருக்குவது. தண்டனை நடத்தையைக் குறைப்பது. நேர்மறை, எதிர்மறை என்ற அடைமொழிகள் நல்லதையும் கெட்டதையும் குறிக்கவில்லை. ஒன்று சேர்க்கப்படுகிறதா, நீக்கப்படுகிறதா என்பதை மட்டுமே குறிக்கின்றன. கணக்கில் வரும் கூட்டல் குறி, கழித்தல் குறி என்று எடுத்துக்கொண்டால் குழப்பமே இல்லை. தலைவலிக்கு மாத்திரை போடுகிறோம், வலி நீங்குகிறது, அடுத்த முறை வலி வந்தால் இன்னும் விரைவாக மாத்திரையைத் தேடுகிறோம்: நீங்கியது வலி, பெருகியது மாத்திரை போடும் பழக்கம், ஆகவே எதிர்மறை வலுவூட்டல். காரில் இருக்கைப் பட்டை மாட்டும் வரை கத்திக்கொண்டே இருக்கும் ஒலியும் அதே வகை. தேர்ச்சி பெறாவிட்டால் வேலை போய்விடும் என்ற அச்சத்தைத் தணித்துக்கொள்ள, பணியிலிருக்கும் ஆசிரியர்கள் இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து இந்தக் காணொளிகளைப் பார்ப்பதும் எதிர்மறை வலுவூட்டலால்தான். பாடத்தைத் தவறாகச் சொல்லித்தரும் காணொளியைப் பார்த்துக்கொண்டிருந்த நாங்களே அதற்குச் சரியான எடுத்துக்காட்டாக அமர்ந்திருந்தோம்.

ஆறாவது மாதிரித் தேர்வின் பதினேழாம் வினா இந்தக் குழப்பத்தின் முழு உருவம். வீட்டுப்பாடம் செய்யாத மாணவனைக் கணித ஆசிரியர் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறார். இது எவ்வகை என்பது கேள்வி. ‘எதிர்மறை வலுவூட்டல்’ என்பது அவர்கள் தந்த விடை. ஆசிரியரின் நோக்கத்தை வைத்துப் பார்த்தால், வகுப்பில் இருக்கும் வாய்ப்பை நீக்கி, வீட்டுப்பாடம் செய்யாமையைக் குறைக்கப் பார்க்கிறார். அது எதிர்மறைத் தண்டனை. ஆனால் ஸ்கின்னரின் பார்வையில் நோக்கத்துக்கு மதிப்பில்லை. அடுத்த வாரம் என்ன நடக்கிறது என்பதற்கே மதிப்பு. கணக்கு வகுப்பைக் கண்டாலே கசக்கும் பையனுக்கு, வெளியே வேப்ப மரத்தடியில் நின்று சாலையைப் பார்ப்பது விடுதலை. வெறுப்பூட்டும் ஒன்று நீங்குகிறது, வீட்டுப்பாடம் செய்யாமை பெருகுகிறது. அப்படிப் பெருகினால், அது உண்மையிலேயே எதிர்மறை வலுவூட்டல்தான்: அவர் அணைக்க நினைத்த நடத்தைக்கே அவர் எண்ணெய் ஊற்றியிருக்கிறார். விடைக்குறிப்பு இப்படி யோசித்துத் தரப்பட்டிருந்தால் நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். விளக்கப் பகுதியில் ‘தண்டனை எதிர்மறையானது என்பதால்’ என்று ஒரே வரி எழுதியிருந்ததால், சரியான விடைக்கு அருகில் தவறான கதவு வழியாகப் போயிருக்கிறார்கள் என்று புரிந்தது. இதில் இன்னொரு சுழற்சியும் உண்டு. பையன் வெளியே போனதும் வகுப்பில் சலசலப்பு அடங்குகிறது. அந்த அமைதி, வெளியே அனுப்பும் ஆசிரியரின் பழக்கத்தை வலுவூட்டுகிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பழக்கிக்கொள்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு அருகில் வகுப்பறையில் கழித்த பிறகு, இந்தக் காட்சியில் என் முகத்தையே நான் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தகுதித் தேர்வில் ஒரு மதிப்பெண் போவதோடு இந்தப் பிழை நிற்காது என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். எதிர்மறை வலுவூட்டலும் தண்டனையும் ஒன்று என்று படித்தவர், வலுவூட்டல் கற்றலுக்கு உதவும் என்ற அடுத்த வரியையும் படிக்கிறார். இரண்டையும் கூட்டினால் பிரம்புக்கு உளவியல் சான்றிதழ் கிடைத்துவிடுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல்சார்ந்த தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. அந்தப் பிரிவும் இதே தேர்வுக்கான பாடத்தில் வேறோர் அத்தியாயத்தில் வருகிறது. ஸ்கின்னரும் தண்டனையை ஆதரித்தவர் அல்லர். தண்டனை நடத்தையைச் சிறிது நேரம் அடக்கி வைக்கிறது, மாற்றாக என்ன செய்ய வேண்டும் என்று கற்பிப்பதில்லை, தண்டிப்பவரையே தவிர்க்கக் கற்றுத்தருகிறது என்பது அவருடைய நிலைப்பாடு. இதைக் காணொளி எங்கும் சொல்லவில்லை.

படிப்படியாக உருவாக்கல் பற்றிய பகுதி இதற்கு நேர்மாறாக அருமை. முதல் வகுப்புக் குழந்தைக்கு ‘அ’ எழுதக் கற்றுத்தரும்போது, முதலில் பென்சிலைப் பிடித்ததற்கே பாராட்டு, பிறகு சுழிக்கு மட்டும், பிறகு சுழியோடு வளைவுக்கு, கடைசியில் முழு எழுத்துக்கு மட்டும் என்று பாராட்டின் வாசற்படியை உயர்த்திக்கொண்டே போவதைப் பலகையில் எழுதிக் காட்டுகிறார். மறைதல் என்ற கருத்தையும் சரியாகவே சொல்கிறார்: வலுவூட்டல் நின்றால் நடத்தை மெல்ல நின்றுவிடும். ஆனால் நிற்பதற்கு முன் அது ஒருமுறை பொங்கும் என்பதை விட்டுவிட்டார். அணையப் போகும் விளக்கு பிரகாசமாக எரியும் என்பதுபோல, கவனத்துக்காகக் கத்தும் பிள்ளையைக் கண்டுகொள்ளாமல் விட்டால், முதலில் இன்னும் உரக்கக் கத்துவான். இதை அறியாத ஆசிரியர் சரியாக அந்த உச்சத்தில் பொறுமையிழந்து திரும்பிப் பார்ப்பார். உரக்கக் கத்தினால்தான் பலன் என்று பையன் அன்று கற்றுக்கொள்வான்.

வலுவூட்டல் எப்போது, எத்தனை முறைக்கு ஒருமுறை வருகிறது என்பதை வகைப்படுத்தும் வலுவூட்டல் அட்டவணைகளுக்கான காணொளியில் எடுத்துக்காட்டுகள் ஆங்கிலக் கைடிலிருந்து அப்படியே இறங்கியிருக்கின்றன. எத்தனையாவது முயற்சிக்குப் பலன் என்று நிச்சயமில்லாத மாறு விகிதத்துக்குச் சூதாட்ட இயந்திரத்தைச் சொல்கிறார். தேர்வு எழுதுபவர்களில் எத்தனை பேர் அந்த இயந்திரத்தைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்? தூண்டில் போட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பவரைச் சொல்லியிருக்கலாம்: எத்தனையாவது வீச்சில் மீன் சிக்கும் என்று தெரியாததால்தான் அவர் எழுந்து போவதில்லை. குறித்த எண்ணிக்கைக்கு ஒருமுறை பலன் வரும் நிலை விகிதத்துக்கு, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவரைவிடப் பொருத்தமான ஆள் யார்? குறித்த கால இடைவெளியில் பலன் வரும் நிலை இடைவெளிக்கு மட்டும் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளைச் சொல்லி, தேர்வு நெருங்கும்போது மட்டும் படிப்பு ஏறி, முடிந்ததும் சரியும் வளைவை நன்றாக வரைந்து காட்டுகிறார். மாறு இடைவெளிக்கு வட்டாரக் கல்வி அலுவலரின் திடீர் வருகை எடுத்துக்காட்டாக வருகிறது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். கால ஒழுங்கின்மை பொருந்துகிறது. ஆனால் அந்த வருகையை வலுவூட்டியாக எந்தப் பள்ளி எடுத்துக்கொள்ளும் என்பதுதான் கேள்வி.

கைபேசிச் செயலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘ஸ்கின்னர் முறையில் அமைந்த செயலி’ என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். 1953 நவம்பரில் மகளின் நான்காம் வகுப்புக் கணிதப் பாடத்தைப் பார்க்கச் சென்ற ஸ்கின்னர், விடை சரியா என்று பிள்ளைகளுக்கு உடனே தெரிவதில்லை, எல்லோரும் ஒரே வேகத்தில் போக வேண்டியிருக்கிறது என்ற இரு குறைகளையும் கண்டு, கற்பிக்கும் இயந்திரத்தை உருவாக்கத் தொடங்கினார். இந்தச் செயலியில் விடையைத் தொட்டதும் பச்சையோ சிவப்போ ஒளிர்கிறது. அவரவர் வேகத்தில் போகலாம். அந்த அளவுக்கு விளம்பரம் பொய்யில்லை. ஆனால் ஸ்கின்னர் தம் இயந்திரத்தில் மாணவரே விடையை எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். நான்கு விடைகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், உண்மைபோல் தோன்றும் மூன்று பொய்களையும் படிக்கவைக்கிறோம் என்பது அவருடைய கவலை. கொள்குறி வினாக்களைக் கொண்ட இயந்திரத்தை 1920களிலேயே செய்து காட்டியவர் சிட்னி பிரெஸ்ஸி. ஆகவே, இது பிரெஸ்ஸியின் செயலி. மேலும், சிறு சிறு படிகளாக, பெரும்பாலும் சரியாகவே விடை சொல்லும்படி ஏற்றிச் செல்வது ஸ்கின்னரின் வழி. இங்கே முதல் தேர்வே முந்தைய ஆண்டு வினாக்களைக் கலைத்துப் போட்டதாக இருக்கிறது. நான் முப்பதுக்குப் பதினொன்று வாங்கி, இரண்டு நாள் செயலியைத் திறக்கவில்லை.

திறக்காமல் விட்டதற்கும் செயலி விடவில்லை. நாள் தவறாமல் வந்தால் ஒரு தங்கக் காசு, ஏழு நாள் தொடர்ந்தால் ஒரு கிரீடம், ஒரு நாள் விட்டால் எல்லாம் பூஜ்யம். முதல் வாரம் இது வேலை செய்தது. மூன்றாம் வாரத்தில், பாடம் படிக்க நேரமில்லாத நாளில் நான் செயலியைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு ஐந்து வினாக்களைத் தொட்டுக் காசை வாங்கிக்கொண்டு மூடினேன். வலுவூட்டப்பட்டது படிப்பு அன்று, திறப்பது. எந்த நடத்தைக்குப் பின்னால் பரிசு வருகிறதோ அந்த நடத்தைதான் பெருகும் என்பதை, மூன்று காணொளிகளைவிட இந்தத் தங்கக் காசு எனக்கு நன்றாகப் புரியவைத்தது. வகுப்பில் நட்சத்திர அட்டை வைத்திருப்பவர்களுக்கு 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் வெளியிட்ட ஆய்வு தெரிந்திருக்க வேண்டும்: தாமாகவே விருப்பத்துடன் படம் வரைந்துகொண்டிருந்த மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தபோது, பின்னர் அவர்கள் வரைவதில் காட்டிய ஆர்வம் குறைந்தது, சொல்லாமல் எதிர்பாராத வகையில் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. தொகுப்பில் இதற்கு இடமில்லை.

பிறரைப் பார்த்துக் கற்பதை ஆராய்ந்த பாண்டுராவை நடத்தையியலின் கடைசிக் காணொளியில் சேர்த்திருக்கிறார்கள். பொம்மையை அடிக்கும் பெரியவரைப் பார்த்துக் குழந்தைகளும் அடித்த 1961ஆம் ஆண்டு ஆய்வோடு முடித்துவிட்டார்கள். 1965இல் வெளியான தொடர் ஆய்வில், அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு உண்டு என்றதும் மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். கற்பது வேறு, கற்றதை வெளிக்காட்டுவது வேறு என்ற இந்தப் பிரிவுதான் அவரை ஸ்கின்னரிடமிருந்து விலக்கி நிறுத்துகிறது. இதைச் சொல்லாமல் அவரை நடத்தையியல் வரிசையில் உட்காரவைத்தால், அடுத்த அத்தியாயத்தில் அவர் ஏன் அறிவுசார் கோட்பாட்டாளர்களோடு பேசப்படுகிறார் என்பது விளங்காது.

சேவையைப் பொறுத்தவரை பெரிய குறையில்லை. ஒலி தெளிவாக இருக்கிறது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். பணம் கட்டிய மறுநாளே கைடு அஞ்சலில் அனுப்பப்பட்டு நான்காம் நாள் கைக்கு வந்தது. தேர்வு முடிந்ததும் காணொளிகள் பூட்டப்படும் என்ற நிபந்தனை மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வாங்குவதற்கு முன் அது தெரியும் வகையில் எழுதப்படவும் இல்லை.

புதிதாகத் தேர்வு எழுதுபவர்கள், பள்ளிப் பாடநூல் கழகத்தின் நூல்களும் நூலகத்தில் ஒரு நல்ல கல்வி உளவியல் நூலும் கைவசம் இருந்தால், இதை வாங்காமலேயே சமாளிக்கலாம். என்னைப் போல் படிப்பை விட்டு நெடுங்காலம் ஆனவர்களுக்கு, பாவ்லோவ் காணொளியும் படிப்படியாக உருவாக்கல் பகுதியும் மட்டுமே தொகுப்பின் பாதி விலைக்கு ஈடாகும். மீதிப் பாதியை, பிழைகளைத் தேடிக் கண்டுபிடிக்கும் பயிற்சிக்குக் கொடுத்ததாக வைத்துக்கொள்ளலாம்.

பதினேழாம் வினாவைப் பற்றி மையத்துக்கு எழுதினேன். ஒன்பது நாள் கழித்து, விடைக்குறிப்பு மாற்றப்பட்டுவிட்டது என்றும், சுட்டியமைக்கு நன்றி என்றும் பதில் வந்தது. செயலியில் திறந்து பார்த்தேன். ‘எதிர்மறைத் தண்டனை’ என்று மாற்றியிருந்தார்கள், விளக்க வரியையும் நீக்கியிருந்தார்கள். காணொளியில் கரும்பலகை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அச்சுக் கைடு வாங்குபவர்கள் 41ஆம் பக்கத்தின் மூன்றாம் வரியில் ‘தண்டனை’ என்ற சொல்லை அடித்துவிட்டு, ‘விரும்பத்தகாத ஒன்றை நீக்கி நடத்தையைப் பெருக்குவது’ என்று பேனாவால் எழுதிக்கொள்ளவும். ஓரத்தில் அதற்கு வேண்டிய இடம் இருக்கிறது.